முதல் போட்ட கதீஜா அம்மையார்

முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது, இலாபத்தில் இருவருக்கும் பங்கு. வணிகர்களாகிய நாம் நன்கறிந்த இந்த ஏற்பாட்டில்தான் 1400 ஆண்டுகளுக்கு முன் மக்காவில் கதீஜா அம்மையார் வியாபாரம் நடத்தினார். கணவரை இழந்த அவர், நம்பிக்கையானவர்களிடம் சரக்கை ஒப்படைத்து ஒட்டகக் கூட்டத்தோடு சிரியாவுக்கு அனுப்புவார். அப்படிச் சென்றவர்தாம் நபிகள் நாயகம். தம் பணியாளர் மைசராவையும் அம்மையார் கூடவே அனுப்பினார் (முதல் போட்டவருக்கு ஒரு கண் வேண்டாமா?). நல்ல இலாபம் வந்தது. மைசராவும் நாயகத்தின் நேர்மையைப் புகழ்ந்தார். திருமணப் பேச்சை எடுத்தவரும் அம்மையாரே.

610-இல் நாயகத்துக்கு இறைச்செய்தி வந்தபோது முதலில் நம்பியவர் அவர்தாம். பின்னர் மக்காவின் குறைஷித் தலைவர்கள், நாயகத்தின் குலத்தாரிடம் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை என்று எழுதிவைத்து, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஒதுக்கிவைத்தார்கள். வியாபாரக் குடும்பத்துக்கு இதைவிடக் கொடுமை உண்டா? சிரியா வரை சரக்கு அனுப்பிய அம்மையாருக்குச் சகோதரர் மகன் ஹகீம் கோதுமை கொண்டுபோக, அபூஜஹ்ல் வழிமறித்தான். "அத்தையின் உணவை ஏன் தடுக்கிறாய்?" என்று அபுல் பக்தரி என்பவர் குறுக்கிட்டுச் சண்டையிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அபுல் பக்தரி அப்போது இஸ்லாத்தில் சேர்ந்தவர்கூட அல்லர்.

தடை நீங்கிய சிறிது காலத்திலேயே, 619-இல், அம்மையார் காலமானார்.