யாருடைய பெயரில் ரசீது?

ரசீதும் ஒரு பிரதிதான். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று கவிதையிடம் கேட்கிற கேள்விகளை ரசீதிடமும் கேட்கலாம். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் கணக்கு எதற்கு என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் இயக்கம், குழு, சிறுபத்திரிகை என்று அலைகிற நம்மில் பலரும் எப்போதாவது இன்னொருவரின் பதிவு எண்ணில் வேலை செய்தவர்கள்தான். அதைப் பற்றி நாம் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

என் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதுவது ஊருக்குப் பழகிப்போன செய்தி. ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று பக்கத்து ஊர் இளைஞர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுக்க நினைத்தோம். நாங்கள் ஆறு பேர். ஸ்ட்ரெச்சர், கட்டுத்துணி, பயிற்சியாளருக்கு பஸ் செலவு, அவ்வளவுதான் தேவை. ஓசூரில் சிறு தொழில் நடத்தும் ஒருவர் பணம் தர முன்வந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: "உங்களுக்கு எண்பது ஜி இருக்குதுங்களா? ஆடிட்டர் கேக்கறாரு."

எங்களிடம் இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும். ஏழாவது ஆள் கிடைத்துவிடுவார். ஆனால் அதன் பிறகு ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளருக்குக் கணக்கு, பான் அட்டை, வருமான வரித்துறையில் பதிவு, வரிச்சலுகைக்குத் தனி ஒப்புதல், அதைக் காலாகாலத்தில் புதுப்பிப்பது என்று வரிசை நீள்கிறது. ஆறு பேரின் மாலை நேரம் முழுக்க இதற்கே போய்விடும். வேறொரு ஊரில் அறக்கட்டளை நடத்தும் பெரியவர் ஒருவர், "பேருதானே தம்பி வேணும், எங்க நம்பர்லயே பண்ணிக்குங்க" என்றார். சந்தோஷமாக ஒத்துக்கொண்டோம். எழுத்தில் எதுவும் இல்லை.

பணம் அவர்கள் கணக்குக்குப் போனது. ஸ்ட்ரெச்சர் வர மூன்று மாதம் ஆயிற்று. ஒவ்வொரு பில்லுக்கும் அங்கே ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அவருக்கு நேரமில்லை. அந்த மூன்று மாதத்தில் கணவாயில் என்னென்ன நடந்தது என்று சொல்லி யாரையும் குற்றவாளியாக்க நான் விரும்பவில்லை. ஆண்டறிக்கை வந்தபோது எங்கள் பயிற்சியின் புகைப்படம் அதில் இருந்தது. 'நமது அறக்கட்டளையின் பணி' என்று கீழே எழுதியிருந்தது. எங்கள் பெயர் எங்குமில்லை.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு விசாரித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: சட்டத்தின்படி அந்த வாசகத்தில் பொய் இல்லை. ரசீது கொடுத்தவரே அந்தப் பணத்துக்குப் பொறுப்பாளி. தன் நோக்கத்துக்காக, தன் வேலையாக, தானே செலவழித்ததாக அவர் கணக்குக் காட்டியாக வேண்டும். 'பேரு மட்டும்' கொடுப்பது என்று ஒன்று கிடையாது. பெயர் கொடுத்தால் பொறுப்பும் போகும், பொறுப்போடு அதிகாரமும் போகும். வாய்வார்த்தையில் இரவல் கேட்ட நாங்களும் சரி, கொடுத்த அவரும் சரி, இதை யோசிக்கவில்லை.

அமெரிக்காவில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெயரே உண்டு: ஃபிஸ்கல் ஸ்பான்சர்ஷிப். 'நிதிப் பொறுப்பேற்பு' என்று சொல்லிக்கொள்ளலாம். 1959இல் பாஸ்டனில் தொடங்கிய ஒரு நிறுவனத்தை இதன் முன்னோடியாகச் சொல்வார்கள். கிரெகரி கால்வின் என்ற வழக்கறிஞர் 1993இல் எழுதிய புத்தகம் இதில் ஆறு வகைகளைப் பிரித்துக் காட்டியது. நமக்கு இரண்டு போதும். ஒன்றில், சிறு குழு பெரிய நிறுவனத்துக்குள்ளேயே ஒரு பிரிவாகிவிடுகிறது. ஆட்கள், பணம், சட்டப் பொறுப்பு எல்லாம் தாங்கும் நிறுவனத்தினுடையது. மற்றொன்றில், குழு தனியாகவே இருக்கிறது. தாங்கும் நிறுவனம் பணத்தை வாங்கி அதற்கு நல்கையாகக் கொடுத்துக் கண்காணிக்கிறது. கணக்கு எழுதுவது, சம்பளம் போடுவது, வரித்தாள் தாக்கல் செய்வது ஆகியவை பொதுச்சேவையாகக் கிடைக்கும். அதற்குக் கட்டணம் பெரும்பாலும் வரும் பணத்தில் 5 முதல் 15 விழுக்காடு வரை. கவனிக்க வேண்டியது கட்டணம் அல்ல. இவை ஒப்பந்தமாக எழுதப்படுகின்றன என்பதுதான்.

இந்தியாவில் இதற்கான கதவுகள் குறுகிக்கொண்டே வந்திருக்கின்றன. அயல்நாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் வந்த திருத்தம், ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றுவதையே தடை செய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆயிற்று. பலர் சேர்ந்து ஒரு கணக்காளரை வைத்துக்கொள்வதுகூட இந்த வரம்புக்குள்தான் வரும். உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் இத்திருத்தங்களைச் செல்லும் என்றது. உள்நாட்டுப் பணத்திலும் நிம்மதி இல்லை. ஓர் அறக்கட்டளை இன்னொன்றுக்குக் கொடுக்கும் நன்கொடையில் 85 விழுக்காட்டை மட்டுமே செலவாகக் கணக்கில் எடுக்கும் விதியை 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் கொண்டுவந்தது.

இடதுசாரி நண்பர்கள் குறுக்கிடுவார்கள்: தன்னார்வக் குழுக்களை ஏகாதிபத்தியத்தின் உத்தி என்று பிரகாஷ் காரத் 1984லேயே எழுதிவிட்டாரே, பணம் அடைபட்டால் நல்லதுதானே? வெளிநாட்டுப் பணம் குறித்த அந்தச் சந்தேகத்தில் நியாயம் உண்டு. ஆனால் 2020இன் தடை கடிந்தது பெரிய நிறுவனத்தை அல்ல. சொந்தமாக டெல்லிக் கணக்கும் ஆடிட்டரும் வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் நிற்கிறார்கள். அவர்கள் வழியாகப் பணம் பெற்ற கிராமத்துக் குழுதான் போயிற்று. அரசு அதிகாரமும் பெருநிறுவன அதிகாரமும் இந்த இடத்தில் ஒன்றையொன்று பலப்படுத்துகின்றன.

வேறு வழி உண்டா? இந்த மாவட்டத்திலேயே இரண்டு தடயங்கள் கிடைக்கின்றன. தமிழ்நாட்டு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் ஐஃபாட் உதவியுடன் 1989இல் முதலில் தொடங்கியது தர்மபுரியில்தான். பதிவு செய்யாத சுயஉதவிக் குழுவும் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி 1993இல் அனுமதித்தது. அதாவது பதிவு இல்லாத கூட்டத்தையும் ஒரு பெயராக ஏற்றுக்கொள்ள அரசால் முடியும். கடன் கொடுத்துத் திருப்பி வாங்க வேண்டியிருந்தபோது அது முடிந்தது. இன்னொன்று சிட்டிலிங்கி. 1993இல் அங்கே மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் தொடங்கிய பழங்குடியினர் நலவாழ்வு முயற்சியிலிருந்து பிறகு இயற்கை விவசாயிகளின் சங்கமும், லம்பாடிப் பெண்களின் 'போர்கை' என்ற தையல் அமைப்பும் கிளைத்தன. அவை மருத்துவமனையின் 'பிரிவுகளாக' அறியப்படவில்லை, தங்கள் சொந்தப் பெயரில் அறியப்படுகின்றன. தாங்குவதன் நோக்கம் ஒருநாள் விட்டுவிடுவது என்று புரிந்துகொண்ட இடமாகவே அதை நான் பார்க்கிறேன்.

ஆகவே, நம் குழுக்கள் இரவல் எண்ணில் வேலை செய்வது தவறல்ல. வாய்ச்சொல்லில் செய்வதுதான் தவறு. ஒரு பக்கத் தாள் போதும். பணம் வந்தால் எத்தனை நாளில் வெளியே வரும்? எவ்வளவு தொகை வரை குழுவே முடிவு செய்யலாம்? கட்டணம் எவ்வளவு, அதற்கு என்ன சேவை? கணக்கைக் குழு எப்போது கேட்டாலும் காட்டுவார்களா? அறிக்கையில் யார் பெயர் எப்படி வரும்? பிரிந்துபோக நேர்ந்தால் மீதிப் பணமும் ஸ்ட்ரெச்சரும் யாருக்கு? இந்த ஆறுக்கும் பதில் எழுதி இருதரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். சட்டப் பொறுப்பு அவர்களிடமே இருக்கட்டும். அந்தப் பொறுப்புக்குள் நம் முடிவுக்கு எவ்வளவு இடம் என்பதை எழுதி வாங்கிக்கொள்வதுதான் அரசியல்.

"நமக்குள்ள எதுக்குப்பா பத்திரம்?" என்று பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். எங்கள் பெரியவரும் அப்படித்தான் கேட்டார். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் நம்பிக்கை என்று நாம் சொல்வது பெரும்பாலும் மேலே இருப்பவருக்கு வசதியான மௌனமாகவே இருந்திருக்கிறது. சாதி, குடும்பம், கட்சி பற்றி இதைச் சொல்லப் பழகிய நாம் நம் ரசீதுப் புத்தகத்தைப் பற்றியும் சொல்லிப் பார்க்கலாம்.

ஸ்ட்ரெச்சர் இரண்டும் இப்போது தொப்பூரில் ஒரு டீக்கடைக்குப் பின்னால் இருக்கின்றன. பையன்கள் பயன்படுத்துகிறார்கள். அவற்றின் மேல் பெயின்ட்டில் எழுதியிருப்பது அறக்கட்டளையின் பெயர்தான்.