மூச்சைவிட பிரேக் முக்கியம்

ரெட்டியார்சத்திரத்திலிருந்து கொடைக்கானலுக்குக் கூட்டமாகச் சைக்கிளில் கிளம்புகிறவர்கள் முதலில் பயப்படுவது மூச்சுத்திணறலுக்குத்தான். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். ஏற்றத்தில் கால் கடுக்கும், அவ்வளவே. பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் இருந்தால் அதுவும் தணியும். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். வியர்த்த சட்டையோடு இறங்கினால் குளிரில் விரல் விறைத்து, பிரேக்கே பிடிபடாது.

கொடைக்கானல் ஏறிய பயிற்சி லடாக்கில் சைக்கிள் ஓட்டப் போதுமா என்றால், காலுக்குப் போதும், ரத்தத்துக்குப் போதாது. லே 3,500 மீட்டர். விமானத்தில் போய் இறங்குகிறவர்கள் இரண்டு நாளாவது சும்மா கிடக்க வேண்டும். அதற்குள் கூட்டத்தில் ஒருவருக்குத் தலைவலி வந்தால் யாரும் மேலே ஏறாதீர்கள். குறையாவிட்டால் அன்றே அவரைக் கீழே இறக்கிவிடுங்கள்.