தந்தை செய்த கிற்றாரும் மகன் விட்ட பட்டமும்

நல்ல கிற்றார் ஒன்றை விலைகொடுத்து வாங்கும் வசதி அந்த வீட்டுக்கு இருக்கவில்லை. லண்டனின் மேற்கோரத்தில் வாழ்ந்த பிறையன் மே என்னும் பள்ளி மாணவனும், மின்னியல் வேலைகளிற் கைதேர்ந்த அவன் தந்தை ஹரோல்ட் மேயும் 1963ஆம் ஆண்டில் அதனைத் தாமே செய்யத் தொடங்கினர். குளிர்காயும் அடுப்பொன்றின் பழைய மேற்சட்டம் கிற்றாரின் கழுத்தாயிற்று. பழைய மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்வில்கள் நரம்புகளின் இழுவையைச் சமன்செய்ய உதவின. கம்பளி பின்னும் ஊசியின் நுனி கூட வீண்போகவில்லை. வேலை முடிய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றன.

அந்தக் கிற்றாரே தம் மகனைப் படிப்பிலிருந்து பிரித்துச் செல்லுமென்று தந்தை எண்ணியிருக்கமாட்டார்.

மகன் படிப்பிற் குறைந்தவனல்லன். இம்பீரியல் கல்லூரியில் 1968இல் பௌதிகப் பட்டம் பெற்றுக் கலாநிதிப் பட்ட ஆய்விலும் இறங்கினான். சூரியனைச் சூழ்ந்துள்ள நுண்தூசுப் படலம் ஒளியைச் சிதறச் செய்வதால், இருண்ட வானத்தில் அந்திக்குப் பின்னும் விடியலுக்கு முன்னும் மங்கிய வெளிச்சம் ஒன்று தோன்றும். அத்தூசு எவ்வாறு இயங்குகிறதென அளப்பதே ஆய்வு. இதற்காகத் தெனெரீப் தீவின் மலைமீதிருந்து வானத்தை நோக்கினான். ‘நேச்சர்’ சஞ்சிகையிலும் 1972இல் இவ்வாய்வு சம்பந்தமான கட்டுரை வெளிவந்தது.

இதற்கிடையே 1970இல் ‘குயீன்’ என்ற றொக் இசைக்குழு உருவாகியிருந்தது. கல்லூரியை உதறிய பொறுப்பற்ற வாலிபர்கள் என்று இவர்களைக் கூறுவது பெரும் பிழை. சன்சிபாரிற் பிறந்த பார்சி இளைஞர் பிரெடி மேர்க்குரி வரைகலையில் டிப்ளோமா பெற்றவர். ஜோன் டீக்கன் இலத்திரனியலில் முதல் வகுப்பிற் சித்தியெய்தியவர். றோஜர் டெய்லர் பல் வைத்தியப் படிப்பைக் கைவிட்டாரெனினும் பின்னர் உயிரியலில் பட்டம் பெற்றார். ஆகவே, பாதி வழியில் நின்ற பெருஞ்சுமை பிறையன் மேயின் ஆய்வுதான்.

பகலிற் பாடசாலையொன்றிற் கணிதம் கற்பித்தும், இரவில் மேடையேறியும், இடையே ஆய்வுரை எழுதியும் எத்தனை காலம் ஓடமுடியும்? 1974இல், இரண்டாவது இசைத்தட்டு கவனம் பெற்ற வேளையில், முடியுந் தறுவாயிலிருந்த ஆய்வுரையை அவர் ஒதுக்கிவைத்தார். பெரும்பணம் அப்போதும் கைக்கு வரவில்லை. இத்தனை கல்வியையும் வீசியெறிகிறானே என்று தந்தை மனம் வெதும்பினார். அந்த வருத்தத்தை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எத்தனையோ வீடுகளில் அது குடியிருக்கிறது. நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவயர் கார்டன் அரங்கில் மகன் வாசித்ததை நேரிற் கண்ட பின்னரே அவர் மனம் இளகிற்று.

மூன்று தசாப்தங்களுக்குப் பின் பிறையன் மே பழைய குறிப்புகளைத் தூசுதட்டி எடுத்தார். அத்துறையில் இடைக்காலத்தில் அதிகம் பேர் உழைக்காமையால் அவருடைய அளவீடுகள் பழுதுபடவில்லை. விட்ட இடத்திலிருந்து எழுதி, 2007இல், அறுபதாவது வயதிற் கலாநிதியானார்.

ஹரோல்ட் மே 1988இலேயே காலமாகிவிட்டார். அவருடன் சேர்ந்து செய்த அந்தக் கிற்றாரையே மகன் பின்னரும் மேடைகளில் வாசித்து வந்தார்.