செய்திக்குப் பூட்டு... எஃப்.ஐ.ஆருக்குப் பூட்டு கிடையாது!

விடிவதற்கு முன்பே போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு போய்ச் சேர 17 கொண்டை ஊசி வளைவுகள். சிக்னல் இருக்கும்வரை எல்லோர் கையிலும் போன்தான். குரூப்பில் ஒரு லிங்க் வந்து விழுகிறது: 'விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர் மரணம்'. தொட்டால் இரண்டு வரி தெரியும். மூன்றாவது வரியில், 'தொடர்ந்து வாசிக்க சந்தா செலுத்துங்கள்'.

தினக்கூலியை எண்ணிச் செலவழிக்கிறவர் அதற்கு எங்கே போவார்? தலைப்பை மட்டும் அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிடுகிறார். ஜீப் மேலே போய்ச் சேர்வதற்குள் அந்தத் தலைப்புக்குக் கை, கால் முளைத்துவிடும்.

பத்திரிகைகளைக் குறை சொல்வதில் நியாயமில்லை. நிருபருக்குச் சம்பளம் தர வேண்டுமே! ஆனால், விசாரித்து எழுதிய செய்திக்குக் காசு, வதந்தி இலவசம் என்ற நிலைமைதான் உறுத்துகிறது.

பகிர்ந்ததால் நியாயத்துக்கு வழி பிறந்ததும் உண்டு. 2020 ஜூன் மாதம், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் வைக்கப்பட்டார்கள். சில நாள்களில் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். 'தரையில் உருண்டு புரண்டதால் காயம்' என்றது எஃப்.ஐ.ஆர். அருகிலிருந்த கடையின் கேமரா பதிவு வெளியே வந்தபோது, அதில் யாரும் உருளவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், நிலையத்தின் கேமரா பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். ஹார்டு டிஸ்க்கில் இடமில்லாமல் இல்லை. அந்த நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ரேவதியின் வாக்குமூலம்தான் வழக்குக்கு முதுகெலும்பு. வழக்கு பின்னர் சி.பி.ஐ-க்குப் போனது.

அதே சமயம், இந்தச் சம்பவத்தை ஆங்கிலத்தில் விவரித்து ஒரு பாடகி வெளியிட்ட காணொலி நாடெங்கும் பரவியது. அதில் மிகைப்படுத்தல் இருப்பதாக சி.பி.சி.ஐ.டி சொல்ல, காணொலி நீக்கப்பட்டது. உண்மையே போதுமான அளவு கொடூரமாக இருக்கும்போது அதற்கு மேல் மசாலா எதற்கு?

2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், நகை காணாமல் போன புகாரில் போலீஸ் பிடியில் இறந்தார். அவர் தாக்கப்படுவதை ஒருவர் மறைந்திருந்து எடுத்த காணொலி நீதிமன்றம் வரை போனது. காவலர்கள் ஐந்து பேர் கைதானார்கள். இந்த வழக்கும் சி.பி.ஐ-க்கு மாறியது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2018 மே மாதம் போளூர் அருகே, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த வயதான பெண்ணைப் 'பிள்ளை பிடிப்பவர்' என்று நினைத்து ஊரே அடித்துக் கொன்றது. காரணம் வாட்ஸ்அப் வதந்தி. இதுபோலப் பல மாநிலங்களில் நடந்த பிறகுதான், ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

சரி, லிங்க் திறக்கவில்லை. உண்மையை எங்கே பார்ப்பது? எஃப்.ஐ.ஆரைப் பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மலைப்பகுதிபோல இணைப்பு சிரமமான இடங்களுக்கு 72 மணி நேரம் வரை அவகாசம். பாலியல் குற்றம், போக்சோ போன்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் இதைப் பார்க்கலாம். புகார் கொடுத்தவருக்கோ நிலையத்திலேயே இலவச நகல் தர வேண்டும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றின் தமிழாக்கம்கூட அதன் தளத்தில் இலவசம்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் என்பதால் போடிக்காரர்களுக்கு இன்னொன்றும் முக்கியம். இடுக்கித் தோட்டத்தில் அடிதடியோ, வேறு குற்றமோ நடந்தால், 'அது எங்கள் எல்லை இல்லை' என்று இங்குள்ள நிலையத்தில் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டப்படி, எந்த எல்லையில் நடந்தாலும் புகாரை வாங்கிப் பதிய வேண்டும். செல்போன் வழியாக அனுப்பினாலும் செல்லும். மூன்று நாள்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

காவல் நிலைய கேமரா பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மனித உரிமை ஆணையம் அதைக் கேட்டு வாங்கலாம். ஆனால், ஆணையத்துக்கான புகாரைச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். போலீஸ் மீதான புகார்களுக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி அமைப்பு வேண்டும் என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டின் 2013-ம் ஆண்டுச் சட்டமோ, மாநில அளவில் உள்துறைச் செயலாளரையே தலைவராக்கியது. போலீஸைக் கவனிக்கும் துறையே போலீஸ் மீதான புகாரையும் விசாரிப்பது என்ன கணக்கோ!

கண்ணெதிரே நடந்ததைப் படம் எடுத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது காணொலியின் தரம் குறையும். எப்போது, எங்கே எடுத்தது என்ற விவரங்களும் உதிர்ந்துபோகும். நீதிமன்றத்தில் நிற்பது முதலில் பதிவான அசல் கோப்புதான். ஆகவே ஆயிரம் பேருக்கு அனுப்பினாலும், அசலை வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல் எடுத்த போனிலேயே வைத்திருங்கள். ஒரு பிரதியை வழக்கறிஞரிடமும் கொடுத்துவிடுங்கள்.