“ஆருக்கும் தேவைப்படும், வைச்சிரு பிள்ளை”

ஸ்ட்ராத்ஃபீல்டில் எங்கள் வீட்டுக் கராஜில் கார் விட்டு 6 வருடமாகிறது. கார் வெளியில் வெயில் காய, உள்ளே சாமான்கள் நிழலில் இருக்கின்றன. குழந்தைக் கட்டில், ப்ராம், 3 ரைஸ் குக்கர், கார் சீட். அதோடு, ஹோம்புஷ் வீட்டை விற்றுவிட்டு எங்களோடு இருக்க வந்த அம்மா கொண்டுவந்த பெட்டிகள்.

எதைத் தொட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான். “உதை எறியாதை பிள்ளை. ஆருக்கும் தேவைப்படும், வைச்சிரு.”

“ஆருக்கு அம்மா?” என்று கேட்டால் பேச்சு மாறிவிடும்.

உங்கள் வீட்டிலும் இதே கதைதானே? இரண்டு சூட்கேசோடு வந்திறங்கியவர்களுக்கு எறிவது பாவம். அவர்களிடம் வளர்ந்த நமக்கோ, எறியவும் மனமில்லை, வைக்கவும் இடமில்லை.

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை துணிந்து கராஜைத் திறந்தேன். முதலில் கைக்கு வந்தது கார் சீட். மூத்தவன் பிறந்தபோது புதிதாக வாங்கியது. ஒரு கீறல்கூட இல்லை. யாருக்காவது கொடுக்கலாம் என்று திருப்பிப் பார்த்தால், தயாரித்த தேதி 10 வருடத்தைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் பாவிக்க வேண்டாம் என்பதுதான் இங்கே பொதுவான அறிவுரை. வேறு யாரும் எடுத்துப் பாவிக்காதபடி பட்டிகளை வெட்டித்தான் எறிந்தேன். 5 வருடத்துக்கு முன் கொடுத்திருந்தால் ஒரு பிள்ளை அதில் பத்திரமாகப் போய்வந்திருக்கும். “ஆருக்கும் தேவைப்படும்” என்று வைத்த பொருள் ஒருவருக்கும் உதவாமல் போனது.

அன்று மாலையே குழந்தைக் கட்டிலைப் படம் எடுத்து, எங்கள் பகுதி இலவசப் பகிர்வுக் குழுவில் போட்டேன்.

எங்கிருந்து வந்தன இந்தக் குழுக்கள்?

இணையத்தில் இந்தப் பழக்கத்தைப் பெரிதாகப் பரப்பியது ஃப்ரீசைக்கிள். 2003 மே மாதம் அமெரிக்காவின் டூசான் நகரில் டெரன் பீல் தொடங்கியது. குப்பைக் கிடங்குக்குப் போகும் நல்ல பொருட்களைக் காப்பாற்றுவதே நோக்கம். 2013 ஜூலையில் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் ரெபெக்கா ராக்கஃபெல்லர், லீசல் கிளார்க் என்ற இரண்டு பெண்கள் ‘பை நத்திங்’ குழுவைப் பேஸ்புக்கில் ஆரம்பித்தார்கள். நேபாள மலைக்கிராமம் ஒன்றில் மக்கள் பொருட்களைப் பகிர்ந்து வாழ்வதைக் கண்டது கிளார்க்குக்குத் தூண்டுதலாக இருந்தது. விற்கக்கூடாது, பண்டமாற்றுக் கூடாது. கொடுக்கலாம், கேட்கலாம், நன்றி சொல்லலாம். விதி அவ்வளவுதான்.

கொடுக்க முன் பாருங்கள்

எல்லாவற்றையும் கொடுத்துவிட முடியாது. கார் சீட் என்றால் ஏஎஸ்/என்இசட்எஸ் 1754 என்ற தர முத்திரை இருக்கவேண்டும், விபத்தில் பட்டிருக்கக்கூடாது. குழந்தைக் கட்டிலுக்கு ஏஎஸ்/என்இசட்எஸ் 2172. மெத்தைக்கும் கட்டில் ஓரத்துக்கும் நடுவில் 20 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது.

பழுது இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். வீட்டு முகவரியைப் பொதுவில் போடாமல், எடுக்க வருபவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். முதலில் கேட்டவருக்கே கொடுக்கவேண்டும் என்றில்லை. ஒரு நாள் பொறுத்து, தேவை அறிந்து கொடுக்கலாம். “வாறன்” என்றவர் வராமலும் விடுவார். கோபிக்காமல் அடுத்தவருக்குச் சொல்லுங்கள்.

உடைந்ததை அறநிறுவனக் கடை வாசலில் போடவேண்டாம். அதை அகற்ற அவர்கள்தான் காசு கட்டவேண்டும். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானை அவர்களைக் கேட்காமல் கொடுக்கவும் வேண்டாம். என் மகள் 9 வயதில் ப்ராமைக் கட்டிப்பிடித்து அழுதாள். இரண்டு நாள் விட்டேன். பிறகு அவளே படம் எடுத்தாள்.

யாருக்கு?

கட்டிலை எடுக்க வந்தது ஒரு நேபாளத் தம்பதி. அவளுக்கு 8 மாதம். நண்பரின் காரை வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நானும் அவள் கணவனும் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அம்மா மெல்ல வெளியே வந்தா. அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தா. ஒன்றும் பேசாமல் உள்ளே போய், தன் பெட்டியிலிருந்து பால் காய்ச்சும் சில்வர் சட்டியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தா.

கார் போன பிறகுதான் சொன்னா. “87இல நாங்கள் வரேக்க நீ என்ரை வயித்தில. உன்ரை முதல் கட்டிலும் ஆரோ தந்ததுதான். பக்கத்து வீட்டுக் கிரேக்க மனிசி. காசு குடுத்தன், வாங்கேல்லை. அவவுக்கும் இங்கிலிஷ் வராது, எனக்கும் வராது.”

36 வருடமாக இதை எனக்குச் சொன்னதில்லை. அந்த “ஆருக்கும்” என்ற சொல்லுக்குள் யார் இருந்தார்கள் என்று அன்றுதான் விளங்கியது. அம்மா சொன்னதில் பிழையில்லை. யாருக்கோ தேவைதான். அந்த யாரோ நம் கராஜ் கதவைத் தட்டமாட்டார்கள், நாம்தான் திறக்கவேண்டும். பொருள் பழுதாக முன் திறக்கவேண்டும்.

கராஜ் இன்னும் காலியாகவில்லை. பாதிதான். நேற்று அம்மாவே கேட்டா:

“பிள்ளை, அந்த மூண்டாவது குக்கரையும் படம் எடுத்துப் போடன்.”