ஓய்வு நேரத்தில் ஒரு கீர்த்தனம்



சங்கீதம் கேட்பதில் விருப்பமுள்ளவர் பலர். முறையாகப் பாடக் கற்றவர் சிலர். தாமே ஒரு பாட்டை இயற்றி மெட்டமைத்துப் பார்க்கவேண்டும் என்ற ஆசையை உள்ளத்தில் வைத்திருப்பவர்களோ நாம் நினைப்பதைவிட அதிகம். அவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. சொன்னால், 'உமக்கு எதற்கு இந்த வேலை?' என்று யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம்.

டில்லியில் எனக்கு அத்தகைய நண்பர் ஒருவர் உண்டு. அரசாங்கக் காரியாலயம் ஒன்றில் 35 ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், நவராத்திரியை அடுத்த ஒரு நாள் அவர் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். கொலுப் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் அடியில் நீளமான கணக்குப் புத்தகம் ஒன்று கிடந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரே பல்லவிகள்! எண்ணிப் பார்த்தோம், 23 பல்லவிகள், 4 அநுபல்லவிகள். சரணம் ஒன்றுகூட இல்லை.

"எனக்குக் கற்பனை போதாது, ஐயா. அதனால்தான் ஒன்றும் முடியவில்லை" என்றார் அவர். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 23 பல்லவிகளை எழுதியவருக்குக் கற்பனை போதாது என்று எப்படிச் சொல்வது? குறை இருந்த இடம் வேறு.

பல்லவி என்பது பெரும்பாலும் நாம் தேடாமல் வருவது. பால் வாங்கப் போகும்போதோ, பேருந்துக்குக் காத்து நிற்கும்போதோ, ஒரு சொற்றொடர் ஓர் இராகத்தின் பிடியோடு சேர்ந்தே நாவில் வந்து அமரும். எழுதிக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும். அநுபல்லவி அப்படியன்று. பல்லவி தொடங்கிய பேச்சை அது ஏந்திக்கொள்ளவேண்டும். இசையும் பொதுவாக மேல் ஸட்ஜத்தை நோக்கி ஏறவேண்டும். சரணத்துக்கோ சொல்வதற்கென்று ஒரு விஷயமே வேண்டும். உட்கார்ந்து யோசிக்கவேண்டிய உழைப்பு அங்கேதான் ஆரம்பம். அந்த நேரம் பார்த்து வேறோர் இராகத்தில் இன்னொரு பல்லவி வந்து நிற்கும். மனம் பழையதை விட்டுப் புதியதன் பின்னே போய்விடும். என் நண்பரின் புத்தகம் முழுவதும் இதே கதைதான்.

இதற்கு நான் சொன்ன வழி மிக எளியது. மெட்டைத் தொடுவதற்கு முன், பாட்டு என்ன சொல்லப் போகிறது என்பதைச் சாதாரண வசனத்தில் மூன்று வாக்கியங்களாக எழுதிவிடவேண்டும். அவர் யோசித்து எழுதினார்: 'அம்மையே, உன்னை எங்கள் ஊர்க் கோயிலில் கண்டேன். இங்கிருந்து அக்கோயில் வெகுதூரம். ஆகையால் என் வீட்டுக் கொலுப்படியில் வந்து இரு.' முதல் வாக்கியம் பல்லவிக்கு, இரண்டாவது அநுபல்லவிக்கு, மூன்றாவது சரணத்துக்கு. பாட்டின் எலும்புக்கூடு அன்றைக்கே கிடைத்துவிட்டது.

அடுத்தது எல்லை வகுத்துக்கொள்வது. உத்தியோகம் பார்த்துக்கொண்டே பெருங்காரியம் செய்தவர்களில் கோடீசுவர ஐயரை இங்கே நினைக்கவேண்டும். அவர் கவி குஞ்சர பாரதியின் பேரர்; சென்னை உயர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். 72 மேளகர்த்தா இராகங்கள் ஒவ்வொன்றிலும் முருகன்மீது தமிழ்க் கீர்த்தனம் இயற்றி, அத்தொகுதிக்குக் 'கந்த கானாமுதம்' என்று பெயரிட்டார். அந்த 72-இல் 40 விவாதி மேளங்கள். வித்துவான்கள் பலர் பாடத் தயங்கியவை. அவருடைய புலமை நமக்கு வராமற் போகலாம். ஆனால் அவர் வகுத்துக்கொண்ட சட்டத்தைக் கவனியுங்கள். மொழி தமிழ், தெய்வம் முருகன், இராகங்கள் இன்னின்னவை என்பதெல்லாம் முன்பே தீர்மானமாகிவிட்டன. காரியாலயத்திலிருந்து களைத்து வீடு திரும்பும் ஒருவருக்கு, 'இன்று எதை எழுதுவது?' என்ற கேள்வி எழாமல் இருப்பதே பாதி பலம்.

நமக்கு 72 வேண்டாம். ஒன்று போதும். மோகனத்தை எடுத்துக்கொள்ளலாம். ஸ, ரி, க, ப, த என்று ஐந்தே சுரங்கள். (வடநாட்டு அண்டை வீட்டார் காதில் விழுந்தால், 'பூப் பாடுகிறீர்களா?' என்று கேட்பார்கள். அதுவும் நல்லதுதான், பேச ஒரு விஷயம் கிடைக்கும்.) முதலில் கீர்த்தனத்தைக்கூடத் தொடவேண்டாம். நாம் குழந்தைப் பருவத்தில் கற்ற கீதம் ஒன்றின் மெட்டுக்கு நம் சொற்களை வைத்துப் பார்க்கலாம். இதைத் தாழ்வாக எண்ணவேண்டியதில்லை. 1775 முதல் 1835 வரை வாழ்ந்த முத்துசுவாமி தீட்சிதரே ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் செய்திருக்கிறார். நொட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று அவற்றை இன்றும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள். சில ஆண்டுகள் காசியில் வாழ்ந்து வடநாட்டு இசையையும் செவியில் வாங்கிக்கொண்டவர் அவர். பிற மாநிலத்தில் குடியிருக்கும் நமக்கு ஒரு வகையில் முன்னோடி.

கீதத்தில் ஓர் அசைக்குப் பெரும்பாலும் ஒரு சுரம்; சங்கதிகள் இல்லை. ஆதலால் பிழை உடனே தெரியும். ஒரு கீதம் முடிந்த பிறகு, தெரிந்த பாட்டின் சொற்களுக்கு நம் மெட்டை வைத்துப் பார்க்கலாம். சொல்லும் மெட்டும் இரண்டும் நம்முடையவையாக இருப்பது மூன்றாவது படி. அதற்குள் எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும்.

உற்சாகம் குன்றுவதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதைப் பலர் சோம்பல் என்று தவறாக நினைக்கிறார்கள். நம் காது சிறு வயது முதலே தியாகராஜர் கிருதிகளைக் கேட்டு வளர்ந்த காது. கையோ நேற்றுத்தான் எழுதத் தொடங்கியது. தேர்ந்த வித்துவான் ஒருவரின் கச்சேரியைக் கேட்டுவிட்டு வந்து, அன்றிரவே நம் புத்தகத்தைத் திறந்தால், எழுதியது அத்தனையும் வைக்கோலாகத் தோன்றும். கச்சேரி கேட்ட இரவில் புத்தகத்தைத் திறப்பதில்லை என்பது என் விதி. எழுதியதைத் திருத்துவதற்கும் ஒரு வாரம் கழியவேண்டும். 'இந்த மெட்டை எங்கோ கேட்டிருக்கிறேனே' என்ற சந்தேகம் வந்தாலும் கிழித்துப் போடவேண்டாம். எந்தப் பாட்டின் சாயல் என்று கண்டுபிடித்து, எடுப்பை அரை எண்ணிக்கை தள்ளிவைத்துப் பாருங்கள். ஏறும் இடத்தில் இறங்கிப் பாருங்கள். சாயல் பெரும்பாலும் கலைந்துவிடும்.

நேரம் இல்லை என்பவர்கள் மும்பையில் மாதுங்காப் பக்கம் குடியிருந்து நாள்தோறும் ரயிலேறும் நம்மவர்களைப் பார்க்கவேண்டும். நெரிசலில் புத்தகத்தை விரிக்க இயலாது. ஆனால் விரல்களால் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை மடக்கி, மனத்துக்குள் ஒரு வரியை இரண்டு ஆவர்த்தனங்களில் நிறுத்திப் பார்க்க இயலும். எதிரே நிற்பவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்; பாதகமில்லை. கைப்பேசியில் முணுமுணுத்துப் பதிந்துகொள்வதும் இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் ஓர் அபாயம் உண்டு. பதிவுகள் நூறாகும், திரும்பக் கேட்பவர் இல்லை. அன்றன்று பதிந்ததை அன்றிரவே சுரப்படுத்தி எழுதிவிடவேண்டும். இருபது நிமிஷம் ஆகும்.

சாகித்தியத்துக்கு வருவோம். தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுபவை. 'மலை' என்ற சொல்லின் முதல் எழுத்தைத் தாளத்துக்காக நீட்டினால் அது 'மாலை'யாகிவிடுகிறது. ஆகவே நீண்டு நிற்கவேண்டிய சுரத்தில் நெட்டெழுத்து வருமாறு சொல்லைத் தேடவேண்டும். எதுகை, மோனை இரண்டையும் அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சொல்லை இடம் தவறிப் பிரித்துப் பாடும்படி ஆகாமலும் காக்கவேண்டும். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இன்னொரு சங்கடம். பாடப்போகும் பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேசவரும், எழுத்து வராது. நாகரியில் எழுதிக் கொடுக்கப் புகுந்தால், ஒரே 'க'வை இங்கே எப்படி ஒலிப்பது, அங்கே எப்படி ஒலிப்பது என்று நாமே முடிவு செய்யவேண்டியிருக்கிறது. பழக்கத்திலுள்ள இந்தி எழுத்துகளில் ழகரத்துக்கு இடமும் இல்லை. இதை ஒரு தொல்லை என்றே முதலில் எண்ணினேன். இப்போது அப்படி எண்ணவில்லை. ஒவ்வொரு எழுத்தாக வாயில் வைத்துப் பார்க்காமல் அவ்வாறு எழுத முடியாது. பாட்டு இயற்றுபவருக்கு அதைவிட நல்ல பயிற்சி எது?

எல்லாவற்றையும் ஒருவரே செய்யவேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. மதுரையில் வாழ்ந்த அம்புஜம் கிருஷ்ணா அம்மையாரின் பாடல்களுக்கு இசையமைத்தவர்கள் பெரும்பாலும் பிற வித்துவான்களே. உங்களுக்குச் சொல் வருமானால், மெட்டு வரும் ஒருவர் உங்கள் சபாவிலோ பஜனை கோஷ்டியிலோ இருப்பார். அவரிடம் மாதத்துக்கு ஒரு வரி காட்டுவதாக ஒப்புக்கொள்ளுங்கள். காட்டவேண்டுமே என்ற கவலையே வரியை எழுதுவிக்கும்.

என் நண்பர் மோகனத்தில், ஆதி தாளத்தில், அந்த மூன்று வாக்கியங்களைப் பாட்டாக்க எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். நடுவே இரண்டு புதிய பல்லவிகள் வந்தனவாம்; ஒரு தாளில் எழுதி மூடி வைத்துவிட்டார். அடுத்த நவராத்திரியில் அவருடைய பேத்தி, ஒன்பது வயதுக் குழந்தை, நாகரியில் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொலுவின் முன்னால் பாடினாள். சரணத்தில் 'தாமரை' என்ற சொல் வந்தது. 'தா' லகுவின் கடைசி எண்ணிக்கையில் நீண்டு நின்றுவிட, 'மரை' துருதத்தின் தட்டில் தனியே போய் விழுந்தது. மரை என்பது மானில் ஒரு வகை. சுண்டலுக்காகக் காத்திருந்த முதிய தமிழாசிரியர் ஒருவர், "அம்பாளிடம் மான் கேட்கிறாளே குழந்தை!" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள், நண்பரும் சிரித்தார். மறுநாளே அந்தச் சொல்லை இரண்டாவது எண்ணிக்கைக்கு முன்னே இழுத்துவைத்துத் திருத்திவிட்டார். இப்போது இரண்டாவது சரணம் எழுதிக்கொண்டிருக்கிறார்.