பச்சைக் கீரையை அரைத்துக் குடிப்பது: அளவும் தூய்மையும்

மேல்மலையின் இலைகள்

கொடைக்கானலுக்கு மேற்கே, மேல்மலை என்று வழங்கப்படும் பகுதியில், பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் அக்கம்பக்கமாக அமைந்த கவுஞ்சியின் அடுக்கு வயல்களில் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், முட்டைக்கோஸ் முதலிய மலைக்காய்கறிகள் விளைகின்றன. இத்தகைய வயல்களிலிருந்து காய்கறிகளும் கீரைகளும் சென்று சேரும் நகரங்களில், கீரையைச் சமைக்காமல் பழத்தோடு மிக்சியில் அரைத்து, வடிகட்டாமல் குடிக்கும் ஸ்மூத்தி என்னும் கெட்டியான பானம் இன்று உடல்நலத்தின் அடையாளமாகக் கருதப்படுகிறது. வெப்பத்தில் சிதையும் வைட்டமின் சி, இரத்த உற்பத்திக்குத் தேவையான ஃபோலேட் ஆகியவை பச்சை இலையில் குறையாமல் கிடைக்கின்றன என்பது உண்மையே; எனினும் அந்த ஒரு நன்மையை மட்டும் வைத்துக் கீரையைப் பச்சையாகவே உண்ண வேண்டும் என்று முடிவுகட்டுவது பிழை.

சிறுநீரகமும் ஆக்சலேட்டும்

ஆக்சலேட் என்பது தாவரங்கள் தம் இலைகளில் சேர்த்து வைக்கும் ஓர் அமில உப்பு. அது சிறுநீரில் கால்சியத்தோடு கூடிப் படிகமாகும்போது சிறுநீரகக் கல் உருவாகிறது. பாலக் கீரை, முளைக்கீரை, பீட்ரூட் இலை ஆகிய மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை, மூன்றிலும் ஆக்சலேட் மிகுதி. பச்சைப் பாலக் கீரை 100 கிராமில் பெரும்பாலும் 600 முதல் 1000 மில்லிகிராம் வரை இருக்கிறது. உடலைச் சுத்திகரிக்கும் என்று நம்பி இத்தகைய கீரைச் சாற்றைக் குடித்துவந்த 65 வயதுப் பெண்ணொருவரின் சிறுநீரகங்கள் ஆக்சலேட் படிந்து மீளாமல் செயலிழந்ததை 2018-இல் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவ ஆய்விதழ் ஒன்று பதிவு செய்தது. அவருக்கு முன்பே இரைப்பையில் அறுவை சிகிச்சை நடந்திருந்ததும், நெடுநாள் ஆன்டிபயாடிக் மருந்து உட்கொண்டிருந்ததும் பாதிப்பைக் கூட்டின; ஆகவே இது எல்லோருக்கும் நேரும் என்று அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் யாருக்கு நேரும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

கீரையைத் தயிரோடு உண்டால், தயிரின் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டின் ஒரு பகுதியைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேற்றிவிடும். நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டாலும் கரையும் ஆக்சலேட்டில் பெரும்பகுதி நீங்கும். நம் வீடுகளில் கீரை மசியலுக்கு வெந்த நீரையும் சேர்த்தே கடைவதால், சமைத்தாலே போதும் என்று கல் உபாதை உள்ளவர்கள் எண்ணிவிடக் கூடாது.

கோஸும் தைராய்டும்

முட்டைக்கோஸ் போன்ற இலைகளில் ஆக்சலேட் குறைவு. ஆனால் அவற்றைப் பச்சையாக அரைக்கும்போது, தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுக்கும் பொருள்கள் உண்டாகின்றன. சமைக்கும்போது இவற்றை உண்டாக்கும் நொதி பெரும்பாலும் செயலிழந்துவிடுகிறது. உடலில் அயோடின் குறைந்திருந்தால் இத்தடை கூடுதலாகப் பாதிக்கும்; மழை மண்ணின் அயோடினை அடித்துச் செல்வதால் மலைநாடுகளில் அயோடின் குறைபாடு மிகும். இந்தியாவில் 1962-இலேயே தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டதற்கு இக்குறையே காரணம். அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்துவோர் அளவாகக் கோஸ் உண்பதால் தீங்கில்லை. தைராய்டு குறைபாடு உடையவர்கள் அதை நாள்தோறும் பச்சையாக அரைத்துக் குடிப்பதைத் தவிர்ப்பது நன்று.

வயலிலிருந்து மிக்சி வரை

இவை அனைத்திலும் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது தூய்மையே. மக்காத எருவும் அசுத்த நீரும் பட்ட இலையில் ஈ.கோலை பாக்டீரியாவும் நாடாப்புழு முட்டைகளும் ஒட்டியிருக்கக்கூடும். பன்றி நாடாப்புழுவின் முட்டை உடலுக்குள் சென்று, அதன் இளம்புழு மூளையை அடைந்தால் வலிப்பு நோய் வரலாம். அமெரிக்காவில் 2006-இல் பையில் அடைத்து விற்ற பச்சைப் பாலக் கீரையால் ஏறத்தாழ 200 பேர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். மிக்சியில் போடும்போது ஓர் இலையில் இருந்த கிருமி பானம் முழுவதும் பரவிவிடுகிறது.

மலைவாசிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. குளிரான ஊர்தானே என்று அரைத்த பானத்தை வெளியே வைப்பது தவறு. கோடையில் கொடைக்கானலின் வெப்பநிலை 11 முதல் 20 டிகிரி வரை இருக்க, கிருமிகள் பெருகாமல் தடுக்க 5 டிகிரிக்கும் கீழான குளிர் தேவை. கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரத்தில் நீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கிருமிகளை அழிக்க அதுவே போதும் என்றாலும், கீரை நன்கு வேகச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

யாழ்ப்பாணத்தின் இலைக்கஞ்சியில் இலைச்சாறு கொதிக்கும் அரிசிக் கஞ்சியோடு சேர்கிறது; பச்சை இலையின் நலனை விடாமலும் வெப்பத்தின் காவலை இழக்காமலும் இருக்க அது ஒரு நல்ல வழி. ஸ்மூத்தியே வேண்டுவோர், ஒவ்வோர் இலையாக ஓடும் நீரில் கழுவி, கோஸின் வெளி இதழ்களை நீக்கி, ஒரு கைப்பிடி கீரையைத் தயிரோடு அரைத்து உடனே குடிக்கலாம். நாள்தோறும் ஒரே கீரையைச் சேர்க்காமல் மாற்றிக்கொள்வதும் நல்லது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்வோருக்குக் கீரையின் வைட்டமின் கே அம்மருந்தின் விளைவைக் குறைக்கும் என்பதால், அவர்கள் கீரையின் அளவைத் திடீரென மாற்றக் கூடாது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் கீரையைச் சமைத்தே உண்ண வேண்டும். சிறுநீரகக் கல்லோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பச்சைக் கீரைச் சாற்றைத் தொடங்க வேண்டாம்.